மலை ஏறாமல் கம்பம் பள்ளத்தாக்கில் மூன்று நாள்: எப்போது வரலாம், எங்கே நடக்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். தேக்கடி, மூணாறு இரண்டும் பார்த்தாயிற்று. போகும் வழியில் பஸ் ஜன்னலில் தெரிந்த நெல்வயலும் திராட்சைப் பந்தலும்தான் மனதில் நின்றன. இந்த முறை மேலே ஏறாமல் கீழேயே மூன்று நாள் தங்க வேண்டும். கூட வருபவர்கள் அறுபத்தைந்தைத் தாண்டிய பெற்றோரும் பத்து வயது மகளும். எந்த மாதம் வரலாம், கார் கட்டாயமா, தோட்டத்துக்குள் விடுவார்களா, நடக்கப் பாதை உண்டா என்று நாலு கேள்வி. அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: டிக்கெட் கவுன்டர் இல்லாத, ஊரே வேலையில் இருக்கும் ஒரு இடத்தை வெளியூர்க்காரர் எப்படிச் சுற்றிப் பார்ப்பது? வயலில் எப்போது தண்ணீர் நிற்கிறது, எப்போது வடிகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நல்ல லாட்ஜ் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தேனி மாவட்டத்தில் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. அந்தப் பக்கம் கேரளத்தில் ஜூனில் கொட்டும் மழை இங்கே சாரலாகவும் காற்றாகவும்தான் வந்து சேரும். இவ்வளவு பச்சை இருப்பதற்குக் காரணம் 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை. மேற்கே போக வேண்டிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பினார்கள். அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் இறங்கி, முல்லையாறாகக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கமாக ஓடி, தேனியைத் தாண்டி வைகையில் சேர்கிறது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைவது இந்த ஆற்றை நம்பித்தான். அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. தேனி பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலோடு சேர்ந்து வருவதால், பாலார்பட்டி கிராமத்தில் அவருக்கென்றே பொங்கல் வைக்கிறார்கள். அந்த வாரம் வந்தால் இதைத் தவறவிடாதீர்கள்.

முதல் போகத்துக்கு ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். இது வழக்கம் மட்டுமே, உத்தரவாதம் கிடையாது. அணையில் தண்ணீர் குறைவாக இருந்தால் தேதி தள்ளிப்போகும், அதோடு நாற்றங்காலும் நடவும் தள்ளிப்போகும். திறந்த முதல் மூன்று நாலு வாரத்தில் வந்தால் பார்க்கக் கிடைப்பது உழவும் சேறும் நாற்றுக்கட்டும்தான். குழந்தைக்கு அது பிடிக்கும். ஆனால் நீங்கள் ஜன்னலில் பார்த்த பச்சை அது இல்லை. அந்தப் பச்சை ஜூலைக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் நடு வரை நிற்கும், அக்டோபரில் அறுவடை. இரண்டாம் போகம் டிசம்பர் வாக்கில் நடவு, ஜனவரி, பிப்ரவரியில் முழுப் பச்சை, மார்ச், ஏப்ரலில் அறுவடை. இரண்டு போகத்துக்கும் நடுவே நவம்பரில் வயல் வெறுமையாகக் கிடக்கும். ஆட்டுக்கிடையும் வாத்துக் கூட்டமும் அப்போதுதான் வயலுக்கு வரும். வடகிழக்குப் பருவமழையும் அதே நேரத்தில்தான், நடக்க நினைப்பவர்களுக்கு அது தோதுப்படாது. பெற்றோரை அழைத்து வருவதால் என் தேர்வு ஜனவரிக் கடைசி. வெயில் உறைக்காது, காலையில் மலை துல்லியமாகத் தெரியும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடிக்கும் பலத்த மேல்காற்றும் இருக்காது. அந்தக் காற்றில் ஸ்கூட்டரை நேராக ஓட்டுவதே பெரும்பாடு. மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். வெயில் ஒரு காரணம். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடுவது இன்னொன்று. அந்த நாட்களில் தேனி சாலையில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், அறையும் கிடைக்காது. திருவிழாவையே பார்க்க வருகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு.

வந்து சேர்வதில் சிரமமில்லை. அகலப்பாதை ஆனபின் தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும் ரயில் வந்துவிட்டது. சென்னை சென்ட்ரலில் இருந்து வாரம் மூன்று நாள் இரவு ரயில் உண்டு. எந்தெந்த நாள் என்பதைப் போக, வர இரண்டுக்கும் முன்பதிவின்போதே பார்த்து உங்கள் மூன்று நாளை அமைத்துக்கொள்ளுங்கள். நாள் பொருந்தாவிட்டால் மதுரை வரை ரயில், அங்கிருந்து தேனிக்கு சுமார் 75 கிலோமீட்டர் பஸ். தங்குவதற்கு தேனியில் அறைகள் அதிகம் என்று சொல்வார்கள். அது சரிதான், ஆனால் தேனி பள்ளத்தாக்கின் வாசல், பள்ளத்தாக்கு இல்லை. கம்பம் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். தினமும் அதைப் போய்வர மூன்று மணி நேரம் சாலையிலேயே கழியும். கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ சுமாரான லாட்ஜ் என்றாலும் அங்கேயே தங்குங்கள். நீங்கள் பார்க்க வந்தது காலை ஆறிலிருந்து ஒன்பது வரை நடப்பது. அந்த நேரத்தில் நீங்கள் ஊரில் இருக்க வேண்டும்.

கார் கட்டாயமில்லை. தேனி, குமுளி தடத்தில் நாள் முழுக்க பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, குச்சனூர், ஓடைப்பட்டி போன்ற ஊர்களுக்கு டவுன் பஸ் உண்டு. ஆனால் அவை இடைவெளி விட்டுத்தான் வரும். பெற்றோருக்கு அந்தக் காத்திருப்பு கஷ்டம். ஆகவே ஊர்விட்டு ஊர் போக பஸ், ஊருக்குள் இருந்து தோட்டத்துக்கும் ஆற்றுக்கும் ஆட்டோ என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆட்டோவை அரை நாளுக்குப் பேசி, காத்திருப்புக்கும் சேர்த்தே தொகையை முதலிலேயே முடித்துவிடுங்கள். காரில்தான் வருவீர்கள் என்றால் ஒன்று: தேசிய நெடுஞ்சாலை 183 இப்போது ஊர்களைச் சுற்றிக்கொண்டு புறவழிச்சாலையில் போகிறது. மேப் காட்டும் வழியிலேயே போனால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் நாலும் கண்ணில் படாமலே குமுளி மலையடிவாரத்துக்கு வந்துவிடுவீர்கள். ஒவ்வொரு ஊருக்கும் முன்னால் பிரியும் பழைய சாலையில் இறங்குங்கள்.

ஊர்களில் என்ன பார்ப்பது என்று விரிவாகச் சொன்னால் இந்தப் பதில் கோயில் பட்டியலாகிவிடும். இரண்டை மட்டும் சொல்கிறேன். உத்தமபாளையத்தில் ஊரை ஒட்டிய பெரிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, கூடவே பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் கல்வெட்டும். ஏற வேண்டியது அதிகமில்லை, பெற்றோரும் வரலாம். காலைச் சாய்வெயிலில் உருவங்கள் எடுப்பாகத் தெரியும், உச்சிவெயிலில் பாறையோடு கலந்துவிடும். அங்கிருந்து ஆற்றோரத்துக் காளாத்தீஸ்வரர் கோயிலுக்கு வந்துவிடலாம். இன்னொன்று சின்னமனூர். பாண்டியர்கள் மகாபாரதத்தைத் தமிழில் செய்வித்ததையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் சொல்லும் சின்னமனூர்ச் செப்பேடு இந்த ஊர்ப் பெயரில்தான் வழங்குகிறது. செப்பேட்டை அங்கே பார்க்க முடியாது, பூலாநந்தீஸ்வரர் கோயிலைப் பார்க்கலாம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஊரைச் சுற்றியுள்ள வாழைத் தோப்பும் பீட்ரூட் காடும். பீட்ரூட் செடி மண்ணில் எப்படி நிற்கும் என்று பெரும்பாலான குழந்தைகளுக்குத் தெரியாது. கிழங்கின் தோள் மண்ணுக்கு வெளியே தெரியும், இலை நரம்பெல்லாம் சிவப்பாக இருக்கும். பறிக்கிற இடத்தில் கேட்டால் ஒன்றைப் பிடுங்கிக் காட்டுவார்கள்.

இனி திராட்சை. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கூடலூர், ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி வட்டாரத்தில் விளைவது பன்னீர் திராட்சை. கருநீலம், விதை உள்ளது, தோல் மெல்லியது, வாசனை தூக்கலாக இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விதையில்லாப் பச்சைத் திராட்சைக்கு ஓடைப்பட்டிப் பக்கம் போக வேண்டும். இங்கே ஆண்டு முழுக்கத் திராட்சை கிடைக்கும் என்று எழுதுகிறார்களே, அது பள்ளத்தாக்குக்குப் பொருந்தும், ஒரு தனித் தோட்டத்துக்குப் பொருந்தாது. கொடியைக் கழித்துவிடும் கவாத்து வெட்டியதில் இருந்து சுமார் நாலு மாதத்தில் அறுவடை. ஒவ்வொரு தோட்டத்துக்காரரும் வெவ்வேறு வாரத்தில் வெட்டுவதால் எங்கோ ஒரு பந்தலில் எப்போதும் பழம் இருக்கும். நீங்கள் நுழைந்த பந்தலில் வெறும் கொடியும் குச்சியும் மட்டும் இருக்கலாம். அதனால் தோட்டத்தை முன்கூட்டியே முடிவு செய்து வராதீர்கள். காலையில் டீக்கடையில் "இப்ப எந்தப் பக்கம் காய் வெட்டுறாங்க?" என்று கேளுங்கள். வண்டிக்காரர்களும் கூலிக்குப் போகிறவர்களும் டீ குடிக்கிற நேரம் அது, சரியான பதில் கிடைக்கும்.

தோட்டத்துக்குள் விடுவார்களா? சுருளிப்பட்டி, கூடலூர் சாலைகளில் பார்வையாளர்களுக்கென்றே திறந்து வைத்து, பழமும் சாறும் விற்கும் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே தயங்க வேண்டியதில்லை. மற்றவை தனியார் நிலம். வாசலில் நின்று கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும், கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மறுத்தால் அன்று மருந்து அடித்திருக்க வாய்ப்பு அதிகம், வற்புறுத்தாதீர்கள். உள்ளே பந்தல் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, கல்தூண்களில் கம்பி இழுத்துக் கட்டியது. கொத்துகள் கீழே தொங்குவதால் நீங்கள் குனிந்துதான் நடக்க வேண்டியிருக்கும், மகள் நிமிர்ந்தே போகலாம். கொத்தைக் கையால் தடவக் கூடாது. பழத்தின் மேல் படிந்திருக்கும் சாம்பல் நிறப் பொடி பழமே உண்டாக்கும் மெழுகு. அது போனால் பழம் சீக்கிரம் வாடும், வியாபாரியும் விலையைக் குறைப்பார். இந்த மெழுகைத்தான் பலரும் மருந்து என்று நினைத்து பயப்படுகிறார்கள். மருந்தின் அடையாளம் வேறு: இலையிலும் காம்பிலும் திட்டுத் திட்டாக நீலமும் வெள்ளையும் கலந்த கறை. அது அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. எதுவாக இருந்தாலும் பறித்தவுடன் வாயில் போடாமல், கழுவிவிட்டுத் தின்னுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் மருந்தும் உண்டு. மழைக்குப் பின் வந்தால் வெடித்த பழமும் அதை மொய்க்கும் குளவியும் இருக்கும், குழந்தையைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நடைபாதை என்றதும் மலையைப் பார்க்கிறோம். இந்தப் பள்ளத்தாக்கில் நடக்க நல்ல பாதை சமவெளியில், வாய்க்கால் கரைகளில் இருக்கிறது. தண்ணீரைப் பிரித்துக்கொண்டு போகும் உத்தமுத்து வாய்க்கால், பாளையம் பரவு வாய்க்கால், இவற்றின் கிளைகள் எல்லாவற்றின் கரையிலும் டிராக்டர் போகும் அளவுக்கு மண்பாதை உண்டு. ஏற்ற இறக்கம் இல்லை, ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தென்னை, எதிரே மலைச்சுவர். கம்பத்தில் இருந்து காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம் போகும் சாலையில் வயல் தொடங்கும் இடத்தில் இறங்கி, வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து, அடுத்த ஊர்ச் சாலையில் ஏறி பஸ்ஸைப் பிடிக்கலாம். பெற்றோர் அரை மணி நேரத்தில் களைத்தால் வந்த வழியே திரும்பலாம், இதில் சிகரம் தொடும் கட்டாயம் எதுவும் இல்லை.

கரையில் இருந்து வயல் வரப்பில் இறங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கவாட்டைச் செதுக்கி, சேற்றை அள்ளி வழித்துப் பூசுவார்கள். பூசிய சேறு பளபளவென்று ஈரமாக இருக்கும். அது இறுகச் சில நாளாகும். அதற்குள் ஒரு கால் பட்டால் விளிம்பு சரியும், அங்கே நண்டு வளை போல ஓட்டை விழுந்து இரவோடு இரவாகத் தண்ணீர் பக்கத்து வயலுக்கு வடிந்துவிடும். யாராவது உங்களைப் பார்த்துச் சத்தம் போட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான். காய்ந்து வெடித்த வரப்பில் தாராளமாக நடக்கலாம். செருப்பைவிட கணுக்கால் மூடிய ஷூ நல்லது, புல் மண்டிய கரையில் பாம்பு சகஜம். மடையைத் திறப்பதும் மூடுவதும் நீர் முறையைப் பொறுத்தது, குழந்தை விளையாட்டாகக்கூடத் தொட வேண்டாம். தோட்டத்து வேலிக் கம்பியைத் தொடவே கூடாது. பன்றிக்கும் யானைக்கும் பயந்து மின்வேலி போட்டிருப்பார்கள், எது எந்த வகை என்று பார்த்துச் சொல்ல முடியாது.

ஆற்றைப் பற்றி இதைவிடக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முல்லையாற்றில் தண்ணீர் ஏறுவதற்கு இங்கே மழை பெய்ய வேண்டியதில்லை. அணையில் திறக்கும் அளவைக் கூட்டினாலோ லோயர் கேம்பில் மின் உற்பத்தி கூடினாலோ, தெளிந்த வானத்தின் கீழேயே ஆற்றில் தண்ணீர் உயரும். கீழே ஆங்காங்கே தடுப்பணைகளும் சிறு புனல் மின் நிலையங்களும் உண்டு. தடுப்பணையின் மேல் பக்கம் குளம்போல அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் ஆழமும் சுழலும். உள்ளூர்க்காரர்கள் இறங்கிக் குளிக்கும் துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில், முழங்கால் அளவு வரை போதும். துறையில் ஆள் இல்லையென்றால் நீங்களும் இறங்க வேண்டாம்.

சுருளி அருவிக்குக் கம்பத்தில் இருந்து சுமார் பத்து கிலோமீட்டர். வனத்துறைச் சாவடியில் கட்டணம் கட்டிவிட்டு உள்ளே சுமார் ஒரு கிலோமீட்டர் நடை. வெள்ளம் வந்தாலும் யானை நடமாட்டம் இருந்தாலும் அன்றைக்கு மூடிவிடுவார்கள், முந்தைய நாள் திறந்திருந்தது என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. காலையில் கம்பத்திலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மூலிகைத் தண்ணீர், நோய் தீரும் என்பது நம்பிக்கை, மருத்துவ ஆதாரம் என்று காட்ட ஒன்றுமில்லை. குளிக்க நன்றாக இருக்கும் என்பது மட்டும் உறுதி.

காட்டுப் பாதைகளுக்கு விதி ஒன்றே: வனத்துறை அனுமதி இல்லாமல் எதுவும் இல்லை. போடிப் பக்கம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ல் மூண்ட காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல், சரிவில் மேல்நோக்கி அடிக்கும் காற்று, ஓட வழியில்லாத மேடு என்று மூன்றும் சேர்ந்தால் தீ மனிதனைவிட வேகமாக ஏறும். அதன் பிறகு விதிகள் இறுகின. 2024-ல் அரசே தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியுடன் போகலாம். குரங்கணி, சாம்பலாறு பாதை அதில் உண்டு. தீப்பிடிக்கும் மாதங்களில் நிறுத்திவைப்பார்கள், வயது நிபந்தனையும் உண்டு. "நான் கூட்டிட்டுப் போறேன், பெர்மிஷன் தேவையில்லை" என்று ஊரில் யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கூடலூருக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடியில் இருந்து செல்லும் நடைபாதை ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறக்கும். ஏற்றம் கடுமை, உங்கள் பெற்றோருக்கு ஏற்றதில்லை. மலையடி ஊர்களில் இருட்டியபின் நடக்கவே வேண்டாம். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் நகரத் தெருவிலேயே ஓடியது.

மலை மேல் இருந்து பள்ளத்தாக்கை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று அப்பா அம்மா ஆசைப்பட்டால், சின்னமனூரில் இருந்து மேகமலைச் சாலையில் வாடகை ஜீப்போ காரோ பிடித்துப் போய்வாருங்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். உச்சி வரை போகத் தேவையில்லை, பாதி வளைவுகளுக்குள்ளேயே வயலும் ஊரும் கீழே விரியும். அது புலிகள் காப்பகம், மாலை ஆறுக்கு மேல் சாவடியில் விடமாட்டார்கள். காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கிவிட்டால் மேகத்தில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் குறைவு.

திராட்சை வாங்குவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பன்னீர் திராட்சை காம்பில் இருந்து உதிரும் சுபாவம் கொண்டது, வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். தூரத்து ஊர்க் கடைகளில் இது அரிதாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். காலையில் வெட்டிய கொத்தாக, காம்பு பச்சையாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், காம்பு பழுப்பாக இருந்தால் நேற்றைய சரக்கு. கழுவாமல், ஓட்டை உள்ள ஆழமில்லாத அட்டைப்பெட்டியில் அடியில் காகிதம் விரித்து, காம்பு மேலே வரும்படி ஒரே அடுக்காக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ரயிலிலேயே வியர்த்துப் புளித்துவிடும். வீட்டுக்குப் போனதும் உதிர்ந்ததை அன்றே சாறாக்கிவிட்டு, கொத்தோடு இருப்பதை ஃபிரிட்ஜில் வைத்தால் நாலு நாள் வரை சாப்பிடலாம்.